இருபத்து நான்கு மாதத்துக்கு ஒரு பாலிசி

கனடாவிலிருந்து அனுமதிக் கடிதம் வந்த அன்று, கீரையில் உப்புக்குப் பதில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டேன். அம்மா திட்டியது காதிலேயே ஏறவில்லை. இரண்டு வருடம்! ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். பனிமலை அடிவாரத்து ஹோட்டல் ஒன்றில் தட்டுக் கழுவும் வேலைக்குக்கூடப் பேசி வைத்திருந்தேன். கொரியாவில், எங்கள் குன்சான் ஊர்ச் சந்தையில் அம்மாவின் தொடுகறிக் கடையில் நான் கழுவாத தட்டா?

ஒரே ஒரு சிக்கல். அம்மாவிடம் ஒரு வருடம் என்று சொல்லியிருந்தேன். அதற்கே மூன்று நாள் சோற்றுக் கரண்டியைக் கிண்ணத்தில் ணங் ணங்கென்று தட்டித்தான் பரிமாறினாள். அப்பா இறந்துபோன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். முதலில் போய்ச் சேருவோம், இரண்டாவது வருடத்தை அங்கிருந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் திட்டத்துக்கு மருத்துவக் காப்பீடு வந்து குறுக்கே நின்றது. காப்பீட்டுத் தாளில் எந்தத் தேதி வரை இருக்கிறதோ, அந்தத் தேதி வரைதான் கனடா விமான நிலைய அதிகாரி அனுமதி எழுதுவார். பிறகு தலைகீழாக நின்றாலும் நீட்டித் தரமாட்டார்கள். என் தோழி யூரிம், மலிவாக இருக்கிறதே என்று ஆறு மாதப் பாலிசியோடு போனாள். ஆறே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்து நின்றாள்.

அதனால் ஒரு வாரமாகப் பேருந்திலும் கடையிலும் போனும் கையுமாகப் பாலிசி தேடினேன். ஒன்றில் பனிச்சறுக்கு விபத்துக்குக் கிடையாது, இன்னொன்றில் ஒரு வருடத்துக்கு மேல் கிடையாது. கடைசியில் எல்லாம் பொருந்திய ஒன்று கிடைத்தது. வாங்கும் பொத்தானை அழுத்தப் போகும் நேரத்தில் கடைக்குள் நுழைந்தாள் மியோங்-ஓக் சித்தி.

சித்தி அம்மாவின் தோழி, காப்பீட்டு முகவர். இந்தச் சந்தையில் அவளிடம் பாலிசி எடுக்காதவை மீன்கள் மட்டும்தான். நான் வயிற்றில் இருந்தபோதே, பெயர் வைக்கும் முன்பே, எனக்குப் பாலிசி போட்டவள். அப்படி ஒருத்தி இருக்கும்போது போனில் பாலிசி வாங்குவது, சொந்த வீட்டுக் கல்யாணத்தன்று ஹோட்டலில் சாப்பிடுவதற்குச் சமம்.

"என்னடி தாசோம், போன்ல பாலிசி தேடுறியாமே? சித்தி என்ன செத்தா போயிட்டேன்?" என்றபடி, கம்பெனிப் பெயர் போட்ட குடை ஒன்றை என் கையில் திணித்தாள்.

நான் அம்மாவை முறைத்தேன். கையுறை போட்டுக் கீரை பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "நான்தான் சொன்னேன். முகம் தெரியாதவங்ககிட்ட எதுக்குப் போகணும்?"

சித்தி கைக்கணினியைத் திறந்தாள். "பனிச்சறுக்கு உண்டா?"

"இல்ல," என்றாள் அம்மா.

"உண்டு சித்தி! அதுக்குத்தானே போறேன்!"

"கரடி கடிச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"எது கடிச்சாலும் உண்டுக்கா."

"பல்லு?"

"பல்லுக்குக் கிடையாது. போறதுக்கு முன்னாடி பல்லெல்லாம் பாத்து அனுப்பிடுங்க." சித்தி குரலைத் தாழ்த்தினாள். "அப்புறம், இது கட்டாயம் இருக்கணும்ங்கறாங்க. அதாவது, ஏதாவது ஒண்ணு ஆகிட்டா, ஊருக்குத் திருப்பி அனுப்புற செலவு."

"உசுரோடயா?"

"அது... ரெண்டும் சேத்துதான்."

"வாயக் கழுவுடி! யாவாரம் நடக்கற எடத்துல பேசுற பேச்சப் பாரு!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவுக்கும் உதடு துடித்தது. அந்த நேரம் பார்த்துச் சித்தி கேட்டாள்: "எத்தனை மாசம் போடட்டும்?"

"பன்னெண்டு," என்றாள் அம்மா.

சித்தி தட்டினாள். "முடிஞ்சுது. தாசோம், இங்க கையெழுத்துப் போடு."

கையெழுத்துப் போட்டால் என் இரண்டாவது வருடம் அந்த விமான நிலையத்திலேயே போய்விடும். ரகசியமாக இன்னொன்று வாங்கலாமென்றால், ஒரே ஆளுக்கு இரண்டு பாலிசி என்று சித்தியின் கணினி அன்றே காட்டிக்கொடுத்துவிடும்.

"இருபத்திநாலு," என்றேன்.

"என்னது?"

"இருபத்திநாலு மாசம். அனுமதி ரெண்டு வருஷத்துக்கும்மா. இப்ப ஒரு வருஷம்னு போட்டா மிச்சத்த அங்கயே வெட்டிடுவாங்க. யூரிமுக்கு அப்படித்தான் ஆச்சு."

அம்மா கையுறைகளைக் கழற்றினாள். வாசலில் ஒருவர் நெத்திலி என்ன விலை என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததால் போய்விட்டார்.

"ரெண்டாவது வருஷத்த எப்ப சொல்றதா இருந்த?"

"அங்க போயிட்டு... போன்ல."

"பாலிசியும் போன்ல, பொய்யும் போன்ல."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்தான்."

அவள் அதை ஒளிக்காமல் சொன்னதும் எனக்கு அழுகை முட்டியது, கோபமும் வந்தது. சித்தி என் முகத்தையும் பார்க்கவில்லை, அம்மா முகத்தையும் பார்க்கவில்லை.

அம்மா எதிர்ச்சாரியைப் பார்த்தாள். அங்கே யூரிம் தன் வீட்டுக் கடையில் கணவாயை அடுக்கிக்கொண்டிருந்தாள். "திரும்பி வந்ததுலேர்ந்து அந்தப் பொண்ணு அவ அம்மாகிட்ட சிரிச்சுப் பேசி நான் பாக்கல. வீட்டு நெனப்புல வந்துட்டான்னு அவ அம்மா சொல்லிட்டுத் திரியறா."

"வீட்டு நெனப்பெல்லாம் இல்லம்மா. தேதி முடிஞ்சுது."

"நீயும் அந்த மூஞ்சியோட என் எதிர்ல உக்காந்தா நான் எப்படிச் சோறு திங்கறது?" அம்மா சித்தியின் கைக்கணினியைத் தட்டினாள். "இருபத்திநாலு போடு."

நான் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். "தள்ளு, மேலெல்லாம் எண்ணெய்," என்றாள். ஆனால் தள்ளவில்லை.

சித்திக்கு உயிர் வந்தது. "இன்னொரு நல்ல விஷயம் இருக்குக்கா! இவ ஆஸ்பத்திரியில மூணு நாளுக்கு மேல படுத்தா, நீங்க போயி பாத்துக்கலாம். விமான டிக்கெட், தங்குற செலவு, அத்தனையும் கம்பெனியே குடுக்கும்!"

"அப்ப நான் போகணும்னா இவ கையக் கால ஒடச்சுக்கணுமா?"

"விதிமுறை அப்படித்தான்க்கா."

"அந்த டிக்கெட்ட உங்க கம்பெனியே வெச்சுக்கட்டும்." அம்மா புதுக் கையுறை ஒன்றை உதறினாள். "எனக்கும் ஒண்ணு பாரு. பதினஞ்சு நாளைக்கு, அடுத்த வருஷம்."

அப்பா போனபோதுகூட அம்மா கடையை மூன்று நாளுக்கு மேல் மூடியதில்லை. சித்தி வாயைப் பிளந்தாள். பிறகு, அம்மா மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோல் அவசரமாகத் தட்ட ஆரம்பித்தாள்.

"பயணத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குக்கா. என்ன போடட்டும்?"

"மகளப் பாக்கப் போறேன்னு போடு," என்றாள் அம்மா. "'நல்லாருக்கற மகள'ன்னு சேத்துப் போடு."