கோழி தின்னாத தீனி

சேந்தமங்கலம் சாலையில் பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழிகள் வைத்திருப்பவர் சின்னண்ணன். மக்காச்சோளம் வந்திறங்கினால் முழங்கை வரை மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். மோந்து பார்ப்பார், இரண்டு மணியைக் கடித்துப் பார்ப்பார். லேசாகப் பூஞ்சை வாடை அடித்தாலும் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். சந்தேகம் வந்தால் ஒரு பை சோளத்தை நாமக்கல்லுக்குப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை தீவன மெஷினை ஓட்டமாட்டார்.

அந்தக் கறாரெல்லாம் கோழிக் கொட்டகையோடு சரி. ஒரே மகள் தனப்பிரியா, ஏழாம் வகுப்பு. காலையில் நூடுல்ஸ், சாயங்காலம் மசாலா சிப்ஸ், ராத்திரி கிரீம் பிஸ்கட் என்று வளர்ந்துகொண்டிருந்தாள். முட்டையைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். போன வாரம் பள்ளிக்கூடத்தில் இறைவணக்கத்தின்போது மயங்கி விழுந்துவிட்டாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கு, பன்னெண்டு இருக்கணும். பாக்கெட் தீனிய நிறுத்திட்டு கீரை, முட்டை, பயறுன்னு குடுங்க. சும்மா டானிக் மட்டும் ஊத்தினா பத்தாது. ஒரு மாசத்துல ஏறலன்னா ஊசிதான்" என்றார். சின்னண்ணன் டானிக் வாங்கினார். ஊசி என்றதும் மகள் முகம் வாடிவிட்டதே என்று, வருகிற வழியிலேயே இரண்டு சிப்ஸ் பாக்கெட்டும் வாங்கிக்கொடுத்தார். இப்படியும் ஒரு தகப்பன்.

நேற்று மதியம் தீவனத் தரகர் ஆனந்தகுமார் மினி லாரியில் நான்கு மூட்டை கொண்டுவந்து இறக்கினார்.

"ஏனுங்கண்ணா, சோளம் விக்கற வெலைக்கு இதுல கொஞ்சம் கலந்துக்குங்க. கடையில தேதி முடிஞ்சு திரும்புன சிப்ஸு, பிஸ்கட்டுங்க. அரைச்சுப் போட்டா ஒண்ணும் தெரியாது."

சின்னண்ணன் வழக்கம்போல மூட்டைக்குள் கையை விட்டார். உள்ளே பிசுபிசுவென்றிருந்தது. வெளியே எடுத்த கையில் ஆரஞ்சு நிறக் களிம்பு அப்பியிருந்தது. அள்ளியதை மூக்கருகே கொண்டுபோனதும் எண்ணெயின் சிக்கு வாடை குப்பென்று ஏறியது. கடித்துப் பார்க்கும் வேலையே இல்லை, அப்படியே உதறினார்.

"இந்தக் கருமத்தப் போட்டா கோழிக்குக் கழிச்சல் வந்துருமுங்க தம்பி. உப்பு தாங்காது. என்ற கோழிக்கு இதெல்லாம் ஆகாதுங்க, ஏத்துங்க வண்டியில."

"கெட்டுப்போனதுன்னு பார்க்கறீங்களாட்ட இருக்குது. தேதி முடியறதுக்கு முந்தின நாளும் இதே மாவு, இதே பாமாயில், இதே உப்பு, இதே கலருதானுங்க. அன்னைக்குப் புள்ளைங்க தின்னுச்சு" என்றார் ஆனந்தகுமார். அவர் குத்திக்காட்டவில்லை, வியாபாரம்தான் பேசினார்.

சின்னண்ணன் மூட்டையை மறுபடி பார்த்தார். மூட்டைக்குள் உடையாமல் கிடந்த ஒரு பாக்கெட், அவர் மகளுக்கு வாங்கிக்கொடுத்த அதே பாக்கெட். மூன்று முறை சோப்புப் போட்டும் விரல் ரேகையை விட்டு அந்தச் சாயம் போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். தனப்பிரியா பள்ளிக்கூட யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் உட்கார்ந்து, ஆரஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தாள். அதே வாடை, கொஞ்சம் புதுசு, அவ்வளவுதான். சின்னண்ணன் கொல்லைப்புறம் ஓடி, குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தார். சிப்ஸைவிட அவருக்குத் தன் மேல்தான் அருவருப்பாக இருந்தது.

"யாரு இதப் புள்ளைக்குக் குடுத்தது?" என்று கத்தினார்.

முட்டை பொறுக்கிவிட்டு வந்த மனைவி சௌந்திரம் நிதானமாகச் சொன்னாள். "நீங்கதான் வாங்கியாந்தீங்க. ஆக்க நேரமில்லைன்னு நானும் கிழிச்சுக் குடுத்தேன். கோழித் தீனிய மோந்து பார்த்து வாங்கறோம். புள்ள தீனிக்குப் பொட்டலத்து மேல இருக்கற படத்தப் பார்த்தாப் போதும்னு இருந்துட்டோமுங்க."

சின்னண்ணன் அலமாரியில் இருந்த பாக்கெட்டுகளையெல்லாம் வாரிக்கொண்டுபோய், செத்த கோழிகளைப் போடும் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினார். வாழ்நாளில் அடுப்படிப் பக்கம் போகாத மனிதர், முருங்கைக்கீரையை ஒடித்துவந்து உருவினார். காம்பும் பழுப்புமாகப் பாதி கலந்து போயிற்று. சௌந்திரம் அருகில் நின்று சொல்லச் சொல்ல, நான்கு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினார்.

தனப்பிரியா தட்டைத் தள்ளிவிட்டாள். "நாறுதுப்பா. எனக்கு சிப்ஸுதான் வேணும்." அழுகை ஒரு மணி நேரம் நிற்கவில்லை. மற்ற நாளாயிருந்தால் சின்னண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடியிருப்பார். அன்று தன் தட்டிலும் அதையே போட்டுக்கொண்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பசி தாங்காமல் ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு, தேம்பலோடு கேட்டாள். "அது அவ்வளவு மோசம்னா ஏம்ப்பா வாங்கிக் குடுத்தீங்க?"

சின்னண்ணன் மகளை நேராகப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்கறத வாங்கிக் குடுக்கறதுதான் பாசம்னு நெனச்சுப்போட்டேன் சாமி. மண்ணுல வெளைஞ்சத ஆக்கிக் குடுக்கறதுதான் பாசம். அதுக்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்த மிச்சம் புடிக்கறதுக்காக, உன்ற ஒடம்புல இருந்த ரத்தத்தத் தொலைச்சுப்போட்டேன்."