மகள் பேரில் ஒரு கையெழுத்து

"தெரியாதுன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு வந்துடுங்க. நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றாள் ருக்மணி.

வெங்கடப்பன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் மாற்றியே போட்டார். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. மகள் பிரியா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரிந்தது.

"கோர்ட்டுல பொய் சொன்னா உள்ள போட்டுருவாங்கடி."

"நெசத்தச் சொன்னா மட்டும் மாலை போடுவாங்களா? பொண்ணு கையெழுத்த அப்பனே போட்டான்னு சூளகிரி பூரா சிரிக்கும். அப்புறம் சந்தைக்குப் போறது யாரு, நானா?"

சந்தையில் தலைகாட்ட முடியாமல் போவதுதான் அந்த வீட்டில் பெரிய கவலை. மூன்று வருடத்துக்கு முன்பும் அதேதான். மத்தூரில் கட்டிக்கொடுத்த மகள், புருஷன் மாதேஸ்வரனின் அடி தாங்காமல் இரண்டு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு மாதத்தில் ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலையும் தேடிக்கொண்டாள். அடித்தவனை ஊர் ஒன்றும் கேட்கவில்லை. வந்து நின்றவளைத்தான் "எப்பம்மா திரும்பிப் போற?" என்று தெருவுக்குத் தெரு கேட்டது.

கடைசியில் ஊர்ப் பெரியவர் கிருஷ்ணப்பன் தலைமையில் எட்டுப் பேர் உட்கார்ந்து தீர்த்துவைத்தார்கள். முத்திரைப் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கிவிட்டால் விவாகரத்து முடிந்தது என்பது அவர்கள் சட்டம். ஆண் பிள்ளை அப்பன் வீட்டுக்கு, பெண் பிள்ளை ஆத்தா வீட்டுக்கு என்பதும் அதே சட்டம்தான். அண்டாவையும் குண்டாவையும் பிரிப்பது மாதிரி பிள்ளைகளையும் பிரித்துக்கொடுத்துப் பழகிய கைகள். 'என் மகனை என் சம்மதத்தோடு அவன் தகப்பனிடம் ஒப்படைக்கிறேன்' என்று எழுதி, கீழே பிரியாவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் கம்பெனியில் இருந்தாள். "நீயே போடு வெங்கடப்பா, அப்பன்தானே," என்றார் கிருஷ்ணப்பன். வெங்கடப்பன் போட்டார். சோறு தின்றுகொண்டிருந்த பேரனை வாய்கூடத் துடைக்காமல் தூக்கி, மாதேஸ்வரன் கொண்டுவந்த காரில் உட்கார வைத்ததும் அவர்தான். பிள்ளையோடு இருப்பவளை எவன் மறுபடி கட்டுவான்? மகள் நல்லதுக்குத்தான் என்று அன்றைக்குத் தன்னையே நம்பவைத்துக்கொண்டார்.

மாதேஸ்வரன் அந்தக் காகிதத்தை நம்பி ஆறே மாதத்தில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். பிரியாவும் சட்டம் அப்படித்தான் போலிருக்கிறது என்று அழுது அடங்கினாள். போன வருடம் கம்பெனி கேன்டீனில் இலவச சட்ட உதவிக் கூட்டம் நடந்தது. வக்கீலம்மா ஒருவர், "பத்திரத்துல எழுதிக்கிட்டா விவாகரத்து ஆகாது, புள்ளையும் கைமாறாது" என்று சொன்னபோது, பிரியா சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் எழுந்து அவரிடம் போனாள்.

பையனைக் கேட்டு அவர் மூலம் பிரியா போட்ட வழக்கில்தான் இன்று வெங்கடப்பன் சாட்சி. கிருஷ்ணகிரி பஸ்ஸில் மகள் முன்னால் உட்கார்ந்தாள், அப்பன் பின்னால். கோர்ட் வாசலில் கிருஷ்ணப்பன் காத்திருந்தார்.

"பாத்துப் பேசு. பொண்ணே எழுதிக் குடுத்துதுன்னு நாங்க எட்டுப் பேரும் சொல்றோம். ஊருக்குள்ள நீ இருக்கணுமா வேணாமா?"

வெங்கடப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

கூண்டில் ஏறியதும் நீதிபதியம்மா பத்திரத்தைக் காட்டச் சொன்னார். "இதுல பிரியான்னு போட்டிருக்கறது யார் கையெழுத்து?"

தெரியாது என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் பேரன் இனி மத்தூரில்தான். பிரியா அவரைப் பார்க்கவில்லை. இவர் என்ன சொல்வார் என்று தெரிந்தவள் போல் தரையைப் பார்த்து நின்றாள். அந்த நிற்பு அவரைச் சுட்டது. அட, பெற்ற மகளே நம்பாத வாய்!

"என்னுதுங்கம்மா."

பின்னால் கிருஷ்ணப்பன் செருமினார்.

"உங்க பொண்ணுக்கு எழுதத் தெரியாதா?"

"டிப்ளமா படிச்சிருக்குதுங்க."

"அப்ப ஏன் நீங்க போட்டீங்க?"

"அன்னைக்கு அது டூட்டிக்குப் போயிருச்சுங்க."

"சாயங்காலம் வந்திருக்குமே. கேட்டிருக்கலாமே?"

இதை ருக்மணியிடம்கூட அவர் சொன்னதில்லை. கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா போடாதுன்னு தெரியுங்கம்மா. அதனாலதான்... அது இல்லாத நாளாப் பாத்து மாப்ளைய வரச் சொன்னோம். செவ்வாக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட், காலைல அஞ்சு மணிக்கே போயிரும்னு நான்தாங்க சொல்லிவிட்டேன்."

பிரியா தலையை நிமிர்த்தினாள். மூன்று வருடமாக அது தற்செயல் என்று நினைத்திருந்தவள். அன்று காலை பால் வாங்கிவந்து, டீ போட்டுக் கொடுத்து, "பாத்துப் போ கண்ணு" என்று கம்பெனி பஸ் வரை வந்து ஏற்றிவிட்டவர் இதே அப்பன்தான். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் வெங்கடப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஊர் சிரிப்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. அந்தக் காகிதம் செல்லாது, பையன் தாயிடம் இருக்க வேண்டும், தகப்பன் மாதம் இரண்டு ஞாயிறு வந்து பார்க்கலாம். எட்டுப் பேரில் ஒருவரும் அதன் பிறகு வெங்கடப்பனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ருக்மணி சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

பையனைக் கூட்டிவரப் பிரியா கிளம்பிய காலையில் வெங்கடப்பன் அவளுக்கு முன்பே குளித்துத் தயாராக இருந்தார்.

"நானும் வரேன் கண்ணு. மூணு வருசமாச்சு, புள்ள உன்ன அடையாளம் தெரியாம அழுவான். தூக்கிக்க ஒரு ஆள் வேணும்ல?"

பிரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாளவில்லை.

"வேணாம்ப்பா," என்றாள் செருப்பை மாட்டியபடி. "அழுதா அழுவட்டும், எவ்வளவு நேரமானாலும் நான் உக்காந்து அவனக் கேட்டுத்தான் கூட்டிட்டு வருவேன். நீ வந்தா கேக்காமயே தூக்கிருவ."