பத்தடி வாசல்

ஷட்டர் வந்து இறங்கிய பிறகுதான் வாசலை டேப் வைத்து அளந்தார்கள். அவன் செய்த தப்பு அதுதான். முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு வாஷர் வாங்கினாலும் அளந்து பார்த்து வாங்குகிறவன். மாட்டுக் கொட்டகை வாசலின் அகலத்தை மட்டும், ஊருக்கு வருமுன்பே, அக்காவிடம் போனில் கேட்டுக்கொண்டான். “பத்தடிடா” என்றாள் அக்கா. பத்தடிக்கே ஷட்டர் சொல்லிவிட்டான்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் கொத்தனார், இவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். சாப்பிட உட்காரும் பலகையைக்கூட மட்டம் பார்த்துவிட்டு உட்காருவான் என்பதால் ஊர் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்திருந்தது. அவன் கண்ணைச் சுருக்கிப் படித்தான்.

“ஏழரை.”

“என்னது?”

“ஏழரை அடி மச்சான். உனக்கு ஏழரை பிடிச்சிருக்குன்னு நான் சொல்லல, டேப் சொல்லுது.”

இவனுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமையே முதல் வேன் வருகிறது. பள்ளிக்கூட வேன்கள் மூன்றையும் இனி பழுதுபார்க்க இங்கேதான் விடுவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார். அந்த வேனை ஏழரை அடிக்குள் நுழைக்க வேண்டுமென்றால், இரண்டு பக்கக் கண்ணாடியையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவன் வேலை பார்த்த பட்டறையை இடித்துத் துணிக்கடை கட்டுகிறார்கள். ஐம்பத்தொரு வயதில், முதுகு வலியோடு, வேறு எந்தப் பட்டறைக் கதவைத் தட்டுவது? அக்காதான் கூப்பிட்டாள். கடைசி மாட்டை அவள் போன வருடமே விற்றுவிட்டாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. “கொட்டகை காலியா கிடந்தா பாம்புதான் குடியேறும். அதுக்கு நீ குடியேறு” என்றாள்.

கொட்டகையைப் பட்டறையாக்க மூன்று வாரமாக வேலை நடந்தது. மாட்டு மூத்திரம் வடிவதற்காகச் சரிவாகப் போட்டிருந்த தரையை ரசமட்டம் சந்தோஷமாகச் சமப்படுத்தினான். சரிந்த தரையில் ஜாக்கி நிற்காது. குளம்பு பட்டுப் பட்டுக் குழிந்திருந்த இடங்கள் சிமெண்டுக்கு அடியில் போவதை இவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். மாடு கட்டும் இரும்பு வளையங்களை மட்டும் சுவரிலிருந்து பிடுங்க விடவில்லை. அவற்றில் ஸ்பேனர்களைக் கோத்துத் தொங்கவிட்டான். மழை ஈரம் ஏறினால் சுவரிலிருந்து இன்னும் வைக்கோல் வாசனை வந்தது. அந்த வாசனை வரும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா நிற்பான். ரசமட்டம் அதைக் கவனிக்காதது போல் இருப்பான்.

“இது உங்கப்பா அடியா இருக்கும்டா” என்றான் ரசமட்டம், டேப்பைச் சுருட்டியபடி.

இருக்கலாம். அந்த வீட்டில் இரண்டு அடி புழங்கியது. ஒன்று கடை அடி, மற்றது அப்பா அடி. அப்பா எதையும் குதிகாலும் கட்டைவிரலும் முட்ட நடந்துதான் அளப்பார். அவர் பாதம் பதினோரு அங்குலம். இவனுடைய கட்டில் ஆறடி என்று சொல்லிச் செய்தது. பதினைந்து வயதிலேயே கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு அடிக்கு எத்தனை அங்குலம் என்று வாத்தியார் கேட்டபோது, யோசிக்காமல் பதினொன்று என்று சொல்லி, இன்னொரு வகை அடியும் வாங்கியிருக்கிறான்.

“அப்பா அடியா இருந்தாலும் ஒம்பதுக்கு மேல வரணும்” என்றான்.

ரசமட்டம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். “ஆமா, வரணும். அப்போ உங்கப்பா எண்ணிக்கையில கோட்டை விட்டுட்டாரு. பெரிய மனுஷன், என்ன பண்றது.”

அது இவனுக்குச் சுருக்கென்றது. அப்பா எண்ணிக்கையில் தவறியதாக யாரும் சொல்லி அவன் கேட்டதில்லை.

“ரெண்டு பக்கமும் ஒண்ணேகால் அடி இடிச்சா சரியாப் போச்சு. மேல ஒரு உத்திரம் புதுசா குடுத்துடலாம். இன்னைக்கே ஆரம்பிச்சா திங்களுக்கு வேன் உள்ள நிக்கும்.”

“அக்காவைக் கேக்கணும்.”

“கேளு.”

கேட்பது சுலபமில்லை. ஐம்பது வருடம் விடியலிலும் சாயங்காலமும் அவள் நுழைந்து வெளிவந்த வாசல். கொட்டகையைக் கொடுத்தபோது அவள் ஒரு சொல்லும் மிச்சம் வைக்காமல் கொடுத்தாள். அதனாலேயே மேலும் ஒன்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. இடிக்கச் சொன்னால் அவள் சரி என்பாள். அந்தச் சரிக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று கடைசிவரை தெரியாது. அதுதான் அவன் பயம்.

அக்கா தேநீர்த் தம்ளர்களோடு ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தாள். டேப்பைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

“எவ்வளவு வந்துச்சு?”

“ஏழரை.”

“அப்பா எண்ணிக்கை தப்பிடுச்சுக்கா” என்றான் ரசமட்டம்.

அக்கா தம்ளர்களைத் தரையில் வைத்தாள். வைத்த பிறகும் குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள்.

“தப்பெல்லாம் இல்ல. அது என் அடி.”

இருவரும் அவள் பாதத்தைப் பார்த்தார்கள்.

“அந்த வாரம் அப்பா கால்ல மாடு மிதிச்சிருச்சு. கட்டுப் போட்டு உக்காந்திருந்தாரு. அஸ்திவாரம் தோண்ட ஆள் வந்து நிக்குது. ‘நீ நட, நான் எண்றேன்’னாரு. நடந்தேன். எனக்கு அப்போ பதிமூணு. உன்னைத் தூக்கி இடுப்புல வச்சிருந்தேன்.”

“என்னையா?”

“பின்ன யாரை? கீழ விட்டா கத்துவ. நீளம் அளக்கறப்போ நடுவுல கத்தி எண்ணிக்கையே விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணுல இருந்து நடந்தேன். வாசலுக்கு எண்ணின அந்தப் பத்துதான் போன்லயும் வாயில வந்துச்சு.”

“ரெண்டு ஆள் பாரத்துக்கு அடி கொஞ்சம் அகலமா விழுந்திருக்கணுமேக்கா” என்றான் ரசமட்டம். அக்கா அவன் தலையில் தட்டினாள்.

இவன் கொட்டகைக்குள் போனான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். இத்தனை வருடம் இதை அப்பா கட்டியது என்றே நினைத்திருந்தான். ஒரு சிறுமி, இடுப்பில் பிள்ளையோடு, ஒரு காலுக்கு முன்னால் மறு காலை ஒட்டி வைத்து, தடுமாறித் தடுமாறி நடந்திருக்கிறாள். அந்த நடையின் மேல் சுவர் எழும்பியிருக்கிறது. அந்த நடையில் தானும் இருந்ததை நினைத்துப் பார்க்க முயன்றான். ஒரு வயதில் நடந்தது எப்படி நினைவுக்கு வரும்? ஆனாலும் நெடுநேரம் முயன்றுகொண்டே நின்றான். வெளியே தேநீர் ஆறியது.

திரும்பி வந்து சொன்னான். “இடிக்க வேணாம். ஷட்டரைத் திருப்பி அனுப்பிடலாம். சின்னக் கார் மட்டும் பாக்கறேன்.”

“வேன்?” என்றாள் அக்கா.

“வேணாம்.”

“அப்போ திங்கக்கிழமை என்ன பண்ணப்போற? உள்ள உக்காந்து அசை போடுவியா?”

ரசமட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

“நீ அளந்ததுக்கா இது.”

“பதிமூணு வயசுல அளந்ததுடா. அந்த வயசுப் பாவாடை பெட்டியில கிடந்தா, எடுத்துக் கட்டிக்கோன்னு சொல்லுவியா?” அவள் குரல் உயர்ந்தது. “உனக்கு என்ன தெரியும் இந்த வாசலைப் பத்தி? மாடும் நானும் ஒரு தடவைகூடச் சேர்ந்து நுழைஞ்சதில்ல. பால் வாளியைத் தூக்கிட்டு ஒதுங்கி நிக்கணும். மகாராணி ஆடி அசைஞ்சு போனப்புறம் நான் போகணும். முழங்கை தேயாத நாள் இல்ல. அப்பாவைத் திட்டலாம்னா அவர் மேல தப்பில்ல. அளந்தவ நான். யாரைத் திட்டுவேன், சொல்லு.”

அவன் அவள் கண்களில் தேடினான். அவன் பயந்தது அங்கே இல்லை. ஐம்பது வருடத்து அலுப்புதான் இருந்தது. கொஞ்சம் குறும்பும்.

“இடிடா” என்றாள் ரசமட்டத்திடம். “ரெண்டு பக்கமும்.”

ரசமட்டம் இவனைப் பார்த்தான். இவன் தலையசைத்தான். பிறகு கடப்பாரையைத் தானே வாங்கி, வலது பக்கத்துச் செங்கல் இடுக்கில் முனையைக் கொடுத்து நெம்பினான். முதுகு சுரீரென்றது. முதல் கல் அசையவே வெகுநேரம் பிடித்தது. அதன் பின் வந்தவை பல் விழுவது போல் ஒவ்வொன்றாக வந்தன.

உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்து, மதியத்துக்குள் இரண்டு பக்கமும் திறந்துவிட்டார்கள். தூசி அடங்கியபோது வெயில் புதுத் தரை மேல் விரிந்து, உள்ளே கோடிவரை போய்க் கிடந்தது. அக்கா உள்ளே வந்து கடைசி வளையத்துக்குக் கீழே நின்றாள். அங்கே தொங்கிய பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வெயில் பட்டு மின்னியது.

“இங்க கட்டியிருந்த செவலைக்கு வெயிலே பட்டதில்ல” என்றாள். “நானே வெளிய பிடிச்சுட்டுப் போய் நிறுத்தினாத்தான் உண்டு. பாவம்.”

அவன் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். வெயில் இருவர் காலிலும் பட்டது. ரசமட்டம் சாப்பிடக் கூப்பிடும்வரை இருவரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.