தலைவருக்கு ஒரு சோதனை

ஐயாவு கடிகாரத்தின் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் வலது பாதிக்குள்ளேயே எழுதி முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சரிதானம்மா?"

சரியில்லை. முப்பது வருடங்களாக ஈப்போவில் உளவியலாளராக இருப்பவளுக்கு அந்தத் தாள் ஒன்றே போதும். சற்று முன் சொல்லிக்கொடுத்த ஐந்து சொற்களில் ஒன்றுகூட அவர் நினைவில் நிற்கவில்லை. ஞாபகம் உதிரத் தொடங்கியிருந்தது. நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உள்ளங்கை சூடாகும் அளவுக்கு ஒரு சந்தோஷம் வந்தது.

புஷ்பலதா என்ற என் பெயர் அவருக்கு எதையும் உணர்த்தவில்லை. அதற்கு நோயைக் குறை சொல்ல முடியாது. நன்றாக இருந்த காலத்திலும் அவர் எங்களை நினைத்திருக்க மாட்டார்.

சுங்காய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்றபோது நான் தாப்பாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். வேலையிழந்தவர்களுக்கு வீடு கிடைக்கும் என்று சொல்லி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியவர் ஐயாவு. தோட்டத்துக்கே அவர்தான் தலைவர். "வீட்டுப் பட்டியலைக் காட்டுங்க" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவன் என் அண்ணன் தனேஸ்வரன். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டான். மூன்றாவது கூட்டத்தில் ஐயாவு சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாவம், பையனுக்கு பைத்தியம் புடிச்சிருக்கு." அடுத்த வாரம் நைலான் கயிற்றால் கட்டி, லோரியில் ஏற்றி, மனநல மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார்கள். லயத்து வீட்டு வாசல்களில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். பத்தாம் நாள் டாக்டர்கள், இவனுக்கு ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சொல் மட்டும் திரும்பிப் போகவில்லை. வேலை கொடுக்க ஆளில்லை. பெண் கொடுக்க ஆளில்லை. முப்பத்தொன்பது வயதில் வாடகை அறையில் தனியாகச் செத்துக் கிடந்தான். இரண்டு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஏன் இந்தப் படிப்பை எடுத்தீர்கள் என்று பேட்டிகளில் கேட்பார்கள். சமுதாயத்துக்குச் சேவை செய்ய என்பேன். பொய். அந்தச் சொல்லை யாருக்குச் சூட்டலாம், யாருக்குச் சூட்டக் கூடாது என்று முடிவு செய்யும் நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் படித்தேன்.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு மகள் தினேஸ்வரியை அழைத்தேன். நோயைச் சொன்னேன். அவள் ஏற்கெனவே யூகித்திருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம செமோர்ல எங்க பழைய தோட்டத்துக்காரங்க சங்கத்து ஆண்டு விழாலா, டாக்டர். அப்பாதான் மறுபடியும் தலைவருக்கு நிக்கிறாரு. நல்லா இருக்காருன்னு ஒரு சூராட் எழுதிக் கொடுங்களேன்."

"முடியாது."

"வெளிய தெரிஞ்சா பைத்தியம்னு சொல்லிருவாங்க."

அந்த வீட்டு வாயிலிருந்து அந்தச் சொல் இப்படி நடுங்கிக்கொண்டு வர முப்பத்தாறு வருடம் ஆகியிருந்தது. அண்ணனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு சொன்னேன்: "விழாவுல அவரே விலகிக்கணும். அதோட, தனேஸ்வரனுக்கு பைத்தியம் இல்ல, நான் சொன்னது பொய்னு எல்லார் முன்னாலயும் சொல்லணும். இல்லன்னா வைத்தியத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

முதலாவது என் கடமை. இரண்டாவது கடமையில்லை. என்னிடம் பயிலும் பிள்ளைகளில் ஒருவர் இப்படிப் பேசியிருந்தால், இந்தத் தொழிலே வேண்டாம், போய்விடு என்றிருப்பேன்.

தினேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு செஞ்சது தப்புத்தான். ஆனா சீக்காளிக்கிட்ட இப்படிக் கேக்கலாமா, டாக்டர்?"

கடிகாரம் வரைந்த தாளைக் கோப்பில் வைத்து மூடினேன். அவள் ஒத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை செமோர் மண்டபத்தில் நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பழைய தோட்டத்துச் சனம் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அன்று கயிற்றை இழுத்துப் பிடித்த தேவன், கைத்தடியோடு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். மகள் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்த தாளை ஐயாவு பிசிறில்லாமல் வாசித்தார். உடம்பு முடியவில்லை, தலைவர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது. நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

"தனேஸ்வரன்..." என்று வாசித்தார். நிறுத்தினார்.

தாளிலிருந்து கண்ணை எடுத்தார். முகம் முழுக்க மலர்ந்தது.

"தனேஸ்வரன்! நம்ம தோட்டத்துப் பிள்ளலா! வந்திருக்கானா? கெட்டிக்காரப் பையன், கூட்டத்துல என்னயவே கேள்வி கேப்பான். எங்கப்பா இருக்க? மேடைக்கு வா."

தினேஸ்வரி மேடையோரத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவன் தலையைக் குனிந்தார். தலைவர் ஒருவரை மேடைக்கு அழைத்தால் கைதட்டுவது சங்கத்தின் வழக்கம். பின்வரிசைகளில் தட்ட ஆரம்பித்தார்கள். அது மண்டபம் முழுக்கப் பரவியது. தலைகள் ஒவ்வொன்றாக வாசல் பக்கம் திரும்பின.

நானும் திரும்பினேன். திறந்திருந்த கதவுக்கு வெளியே வெயிலில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மேடையில் ஐயாவு, ஏறி வருகிறவனுக்குக் கை கொடுக்க, குனிந்து கையை நீட்டியபடி நின்றார்.