கூட்டிச் சொன்ன வருடங்கள்

சங்கரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தமிழ்க் கிராமம் ஒன்றிலிருந்து பிழைக்க வந்து, கொச்சியின் மட்டாஞ்சேரி சந்தையில் வெங்காயம் விற்பவள். கணவர் ராமருக்கு மாரடைப்பு வந்தபோது ஆன ஆஸ்பத்திரிச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் தர மறுத்துவிட்டது. இனி பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கும் நிறுவனம் சம்மதிக்கவில்லை. நுகர்வோர் ஆணையம் இரு தரப்பையும் மத்தியஸ்தர் மாளவிகாவிடம் அனுப்பியிருந்தது.

நிறுவனத்தின் மலையாளி வக்கீல் சந்தீப் கேட்டான். "பாலிசி எடுத்து ரெண்டு வருஷமே ஆச்சு. நெஞ்சுவலி அஞ்சு வருஷமா உண்டுன்னு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் சொன்னது சேச்சிதானே?"

"நாந்தான்."

"அப்போ நோயை மறைச்சுதானே பாலிசி எடுத்தது?"

"வலி அன்னைக்குத்தான் வந்துச்சு சாரே. அஞ்சு வருஷம்னு நானாச் சொன்னது."

மாளவிகா பேனாவைக் கீழே வைத்தார். கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "எதுக்கு அப்படிச் சொன்னேள்?"

"எங்க ஊர் ஆஸ்பத்திரில, இன்னைக்குத்தான் வலிக்குன்னா மாத்திரையக் குடுத்து அனுப்பிருவாங்க மேடம். நாள்பட்ட வலின்னாத்தான் கட்டில் குடுத்துப் படுக்க வைப்பாங்க. எல்லாரும் கூட்டித்தான் சொல்லுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் ஒரு வாரமாங்கோம்."

"டாக்டர்கிட்ட பொய் சொன்ன ஆளை நாங்க எப்படி நம்பறது?" என்றான் சந்தீப்.

"அவரு அதுக்கு முன்ன ஆஸ்பத்திரிப் படியே ஏறினதில்ல."

"ஆதாரம் உண்டோ?"

"நோயில்லாதவனுக்கு யாரு சாரே சீட்டு எழுதுவா?"

மாளவிகா சந்தீப்பை வெளியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்து விளக்கினார். பழைய செலவில் பாதியை நிறுவனம் தரும். பாலிசி ரத்தாகும்.

"அப்ப ஆபரேஷன்?"

"அது கிட்டாது."

"பழசு வேண்டாம் மேடம். அந்தக் கடன நான் அடைச்சிக்கிடுதேன். ஆபரேஷன மட்டும் பண்ணச் சொல்லுங்க."

சந்தீப் முடியாதென்று தலையசைத்தான். "பாதி தர்றதே கம்பெனியோட தயவாக்கும் சேச்சி. ஆபரேஷனுக்குச் சம்மதிச்சா பாலிசியை ஒத்துக்கிட்ட மாதிரி."

"நான் கையெழுத்துப் போடலன்னா?"

"கேஸ் ஆணையத்துக்கே திரும்பும்," என்றார் மாளவிகா. "தீர்ப்பு வர ஒரு வருஷம்கூட ஆகலாம். உங்ககிட்ட மறைக்கப்படாது."

"அவரு அதுவரைக்கும் தாங்கணுமே."

சந்தீப் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் தொடவில்லை. உடன்பாடு இல்லை என்று மாளவிகா எழுதிக்கொண்டார்.

சங்கரி சந்தைக்குத் திரும்பியபோது கடை வாசலில் வெங்காய மூட்டைகள் கிடந்தன. ராமர் ஒன்றை முதுகில் ஏற்றியிருந்தார்.

"எறக்குங்க."

"லாரிக்காரன் ரோட்டுலயே போட்டுட்டுப் போயிட்டான். என்ன சொன்னாங்க?"

"மொதல்ல எறக்குங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூட்டையைச் சற்று மேலே தூக்கிச் சரிசெய்துகொண்டு உள்ளே நடந்தார்.