நைட் ஷிஃப்ட் தூக்கம்

சைமன்ராஜ் ரிமோட்டைத் தங்கையின் கையிலிருந்து பிடுங்கி, நாற்காலியின் இடப்பக்கப் பையில் செருகினான்.

"இடது கை அவருக்கு வராதுண்ணே. வலது பக்கம் வெச்சாதான அவரே அமுக்க முடியும்?" என்றாள் வினோலியா.

"அவரு எதுக்கு அமுக்கணும்? பக்கத்துல இருக்கிறவங்க அமுக்கட்டும்."

"பக்கத்துல யாரு இருப்பா? நான்சியா?"

தன் மனைவி பெயரைக் கேட்டதும் சைமன்ராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த நாற்காலியில்தான் அவர்களுடைய அப்பா இருதயசாமி உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் வந்த பக்கவாதம் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். நெய்வேலியில் சைமன்ராஜின் குவார்ட்டர்ஸில் இருந்த அவரைக் கட்டிலிலிருந்து தூக்கித் தூக்கி, சைமன்ராஜுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பட்டனை அமுக்கினால் மெல்ல மேலெழும்பி ஆளை நிற்கவைக்கும் மோட்டார் நாற்காலி பண்ருட்டிக் கடையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வினோலியாவின் வீடு பண்ருட்டியிலேயே. நடந்து வந்துவிட்டாள்.

உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், இல்லாவிட்டால் எழும்போது வழுக்கும் என்று படித்திருந்தாள். முழங்கால் உயரத்தை அளந்து வைக்கும்படி அண்ணனுக்கு முந்தின நாளே போனில் சொல்லியும் இருந்தாள். அவன் அளக்கவில்லை. கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து, மண்டியிட்டு, அவளே அளந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவைத் தொட்டது இதுதான் முதல் தடவை என்பது, எழுந்து நின்ற பிறகுதான் உறைத்தது. அவள் நெடுமாறனைக் கட்டிக்கொண்டதை அவர் ஏற்கவில்லை. சாமி கும்பிடுகிறவன் வீடு என்று, அவளுடைய வாசற்படியை அவர் இன்றுவரை மிதித்ததில்லை.

கடைக்காரர் குழந்தைவேல் விளக்கினார். "ஒரு மோட்டாருன்னா முதுகும் காலும் சேந்தே அசையும். ரெண்டு மோட்டாருன்னா தனித்தனி. வேணுங்கிறப்ப முழுசா படுத்துக்கலாம்."

அதுவரை பேசாமல் இருந்த இருதயசாமி, குழறலாகக் கேட்டார். "இதுக்கு எவ்ளோ எடம் வேணும்?"

"சாயறதுக்குப் பின்னாடி செவுத்துலேருந்து ரெண்டடி விடணுங்க ஐயா."

அவர் மகனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு தலையைச் சாய்த்து, கண்களை மூடிக்கொண்டார்.

"டெலிவரி எந்த அட்ரஸுங்க?"

சைமன்ராஜ் தயங்காமல் ஒரு தெருப் பெயரைச் சொன்னான். வினோலியாவின் தெரு. குழந்தைவேல் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, பில் மேசைக்குப் போய்விட்டார்.

வினோலியாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் குரல் தானாகவே கீழே இறங்கியது. அவனுக்கும் அப்படித்தான். நைட் ஷிஃப்ட் முடித்து அப்பா பகலில் தூங்கும் வீட்டில் வளர்ந்தவர்கள். குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லா வீட்டிலும் இதே கதைதான். தண்ணீர் விழும் சத்தம் கேட்கக்கூடாதென்று அம்மா குழாயில் துணியைக் கட்டி வாளிக்குள் விடுவாள். கிள்ளினாலும் கடித்தாலும் அண்ணனும் தங்கையும் சத்தம் வராமல்தான் சண்டை போட்டாக வேண்டும். மூச்சுக்காற்றிலேயே திட்டிக்கொள்ளப் பழகியிருந்தார்கள்.

"என்னக் கேக்காம என் அட்ரஸ எப்படிக் குடுப்ப?"

"உன் ஹால் பெருசு."

"நீ எப்ப வந்து பாத்த?"

"நான்சி பெட்டியக் கட்டி வெச்சுகினு ஒக்காந்திருக்கா. இவரு இருந்தா அவ போயிடுவா."

"போவட்டும். அப்ப ரெண்டடி என்ன, பத்தடியே விடலாம்."

"வாயி அப்படியே அப்பாவுது."

"உன் கல்யாணத்துக்கு மண்டபம் புடிச்சாரு. என் கல்யாணத்தன்னிக்கி வூட்டு லைட்டக்கூடப் போடாம படுத்துகினாரு."

"அதுக்கு இப்ப பழி வாங்குற."

"ஆமா."

இவ்வளவு சுலபமாக வந்துவிடும் என்று அவள் நினைக்கவில்லை. வந்த பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. "எனக்கு அவரு வேணாம். செத்தாலும் உன் வூட்டுலயே சாவட்டும். என் வாசப்படி ஏத்த மாட்டேன்."

பழக்கத்தில் இருவரும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அசைவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நைட் ஷிஃப்ட் தூக்கம் அப்படித்தான் இருக்கும்.

குழந்தைவேல் திரும்பி வந்தார். "ஐயாவ எழுப்புங்க. ஒரு தடவ எந்திரிச்சுப் பாத்துட்டா நமக்கும் திருப்தி."

"எழுப்பாதீங்க," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். அன்று அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

அப்புறம் வேறு நாற்காலிகளைப் பார்த்தார்கள். துணி உறையா, ரெக்ஸினா என்று அதற்கும் ஒரு சண்டை. மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்த வேண்டுமென்று குழந்தைவேல் நெளிந்தபோதுதான் சைமன்ராஜ் ரிமோட்டை எடுத்தான். கையால் தொட்டு எழுப்பினால் திடுக்கிடுவார், மோட்டார் மெதுவாக எழுப்பட்டும் என்று.

நாற்காலி முனகிக்கொண்டு உயர்ந்தது. பின்பக்கம் எழும்பி, அப்பாவை முன்னே சாய்த்தது. அவர் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. பாதங்கள் தரையில் முழுதாகப் படிந்துதான் இருந்தன. தலை மட்டும் முன்னால் தொங்கியது. முதலில் தாங்கியது வினோலியா. தோளில் விழுந்த கன்னம் குளிர்ந்திருந்தது.

எதிர்ச் சாரியில் இருந்த கிளினிக்கிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். "தூக்கத்துலயே போயிருக்காரு. கஷ்டப்படல."

"எவ்ளோ நேரம் முன்னாடி டாக்டர்?"

"கொஞ்ச நேரம் ஆயிருக்கும்."

"கொஞ்சம்னா?"

இந்தக் கேள்வியை இவள் ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறாள் என்பதுபோல் அவர் பார்த்தார். "அதச் சரியா சொல்ல முடியாதும்மா."

காரில் நெய்வேலிக்கு வரும் வழியெல்லாம் அவள் சண்டையை முதலிலிருந்து அடுக்கிப் பார்த்தாள். ஹால் பெருசு என்றபோது மூச்சு ஏறி இறங்கியதா? மண்டபம் என்றபோது? கடைசி வாக்கியத்துக்கு முன்னால் ஏதோ ஓரிடத்தில் அவர் போயிருந்தால் போதும். அந்த இடம் அகப்படவில்லை.

சாயங்காலம் குவார்ட்டர்ஸ் வாசலில் பந்தல் நின்றது. ஷிஃப்ட் முடிந்தவர்கள் சீருடையோடு வந்து, கையெடுத்துக் கும்பிட்டு, மாலை போட்டுவிட்டு வெளியே போய் நின்றார்கள். நான்சி சமையலறைக் கதவோரம் முந்தானையைக் கடித்தபடி இருந்தாள். நெடுமாறன் உள்ளே வரலாமா என்று தெரியாமல் பந்தல் காலருகே நின்றான். அப்பாவின் தங்கை செசிலியா, அழுது முடித்த குரலில் கேட்டாள்.

"கடைசியா எதுனா சொன்னாரா?"

வினோலியா தரையைப் பார்த்தாள்.

"சொன்னாரு அத்த," என்றான் சைமன்ராஜ். "வினோ வூட்டுக்குப் போவணும்னாரு. அங்க சேர் போட எடம் இருக்குமான்னு கேட்டாரு."

அவள் நிமிர்ந்தாள். அவன் இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்லையென்று சொல்ல வேண்டுமானால் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

"கேட்டியாடி. உன்னத்தான்டி நெனச்சுகினு போயிருக்காரு," என்று அத்தை அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். யாரோ பந்தலுக்குப் போய் நெடுமாறனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார்கள்.

அத்தை தன் ஜெபமாலையைக் கழற்றி வினோலியாவின் கையில் வைத்தாள். "நீ ஆரம்பிம்மா. அவரு மனசு ஆறும்."

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் ஜெபத்தின் முதல் பாதியைச் சொன்னாள். மறுபாதியை வீடு முழுதும் சேர்ந்து சொன்னது. கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணனின் குரல் எல்லோரையும் முந்திக்கொண்டு, அவள் முடிக்கும் முன்பே தொடங்கியது. மாலையின் அடுத்த மணியை உருட்டியபோது அவளும் அவன் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. ஜெபமாலை விரல்களுக்கிடையே நகர்ந்துகொண்டேயிருந்தது.