அருள்பாண்டி வாங்கிய சிடி ரைட்டர்

விளாங்குடி அருள்பாண்டி கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் வெண்டைக்காயோடு வீடு திரும்புகிற ஆள். அப்படிப்பட்டவரிடம் போய், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு சிடி ரைட்டர் வாங்கி வா என்றால் என்ன ஆகும்? இருபது நாள் ஆனது.

அவசரம் இல்லாமல் இல்லை. அருள்பாண்டி மகளின் காதுகுத்துக்காகவே மஸ்கட்டிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான் மனைவி மீனாவின் தம்பி முத்திருளன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்! குழந்தை வீரிட்டு அழுததும், மாமன்காரன் அதைவிடச் சத்தமாக அழுததும் வீடியோவாகிக் கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டன. அதை மஸ்கட் ரூம் ஆட்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவனுக்குக் கொள்ளை ஆசை. ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். அதற்குள் சிடி கையில் இருக்க வேண்டும்.

அருள்பாண்டி ஒரு நோட்டுப் போட்டார். நாற்பது வேகமா, ஐம்பத்திரண்டா? உள்ளே மாட்டுவதா, வெளியே வைப்பதா? புதிதாக வந்திருக்கும் டிவிடி ரைட்டரையே வாங்கிவிட்டால் என்ன? ஆபீசில் கேட்டார், எதிர்வீட்டில் கேட்டார், மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபோது லேப்டாப் பை மாட்டியிருந்த முன்பின் தெரியாத மனிதரிடமும் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் நோட்டில் ஏறியது. ரைட்டர்தான் வீடு ஏறவில்லை.

"மச்சான், எங்கக்காவ மட்டும் எப்படி ஒரே நாள்ல பாத்து முடிச்சீக?" என்றான் முத்திருளன்.

"அன்னைக்கு எங்க மாமனாருல்ல கூட வந்திருந்தாரு. முடிச்சது அவரு," என்றாள் மீனா.

அருள்பாண்டியும் சேர்ந்து சிரித்தார். உள்ளே சுருக்கென்றது.

வியாழக்கிழமை டவுன்ஹால் ரோட்டில் ராமமூர்த்தியின் கம்ப்யூட்டர் கடையில் போய் நோட்டை விரித்தார். ராமமூர்த்தி பொறுமையாக நாலு பக்கம் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்ணே. இந்த சிடிய எதுல போட்டுப் பாக்கப் போறாங்க?"

மஸ்கட் ரூமில் இருப்பது ஒரு டிவியும் பழைய விசிடி பிளேயரும்தான் என்று முத்திருளன் நூறு தடவை சொல்லியிருந்தான். நோட்டில் அது ஒன்றுதான் இல்லை.

"அப்ப டிவிடி ரைட்டர் எதுக்கு? சிடி ரைட்டர் போதும். வேகத்தையும் விட்டுத்தள்ளுங்க. பழைய பிளேயருக்கு மெதுவா எழுதுறதுதான் நல்லது."

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரத்தில், கடைப் பையன் வந்து மாட்டிவிட்டுப் போனான். முத்திருளன் சந்தனக் கிண்ணத்தோடும் குங்குமத்தோடும் வந்து நின்றான். "புதுச் சாமான் வந்தா தாய்மாமன் கைப் பொட்டு வேணும்ல!" மானிட்டர், கேபினட், மவுஸ் என்று ஒன்றையும் விடவில்லை. அருள்பாண்டியின் கண் முழுக்கத் திரையில்.

"எழுத்து மேல இருக்குற மாதிரி சிடிய வைங்க மாப்ள," என்றார் திரும்பாமலே. அவனும் அப்படியே வைத்துத் தள்ளினான்.

எழுத முடியவில்லை என்றது திரை. மறுபடி முயன்றார். அதே பதில். மூன்றாம் தடவையும் அதேதான்.

"இருவது நாள் பொறுக்கி, சொத்தக் கத்திரிக்காய வாங்கியாந்திருக்கீகளே மச்சான்!"

அருள்பாண்டிக்கு அவமானத்தில் முகம் கறுத்தது. உள்ளே இருந்த சிடியை எடுத்தால் வாரண்டி போய்விடுமோ என்று பயந்து, கேபினட்டை அப்படியே தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

ராமமூர்த்தி தட்டை இழுத்தார். சிடியைத் திருப்பினார். கண்ணாடிபோல் மின்னிய அடிப்பக்கத்தில், நடு ஓட்டையைச் சுற்றி மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமத்தோடு.

"ரைட்டருல ஒரு கோளாறும் இல்லண்ணே. யாருண்ணே இதுக்குப் பொட்டு வச்சது?"

அருள்பாண்டி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ராமமூர்த்தி உள்ளே ஒட்டியிருந்ததையும் துடைத்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. மச்சினனிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் இருபது நாள் கேலிக்கும் வட்டியோடு பதில். ஆனால் மருமகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படி அழுதவனிடம், உன் பொட்டுதான் கெடுத்தது என்று எந்த வாயால் சொல்வது? வழக்கம்போல முடிவுக்கு வருவதற்குள் வீடு வந்துவிட்டது.

புது சிடி போட்டார். மெதுவாக எழுதி முடித்தது. ஓட்டிப் பார்த்தால் குழந்தை அழுகிறது, மாமன் அதைவிட அழுகிறான். அதைப் பார்த்து இப்போதும் அழுதான் முத்திருளன்.

"மச்சான், நீங்க எடுத்தா எடுத்ததுதான்!" என்று சிடியை வெளியே எடுத்து, மின்னுகிற பக்கத்தைத் திருப்பி, சந்தனத்தில் விரலை முக்கினான்.

அருள்பாண்டி யோசிக்கவே இல்லை. பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "சிடி டப்பா மேல வைங்க மாப்ள!"

மீனா வாயைப் பிளந்தாள். "ஏங்க, நீங்களா இம்புட்டு வேகம்?"

முத்திருளன் சிடியைப் பார்த்தான், மஞ்சள் விரலைப் பார்த்தான். மெல்ல விளங்கியது. "அப்ப காலையில..."

"கடைக்காரரு தொடச்சிட்டாரு."

முத்திருளன் டப்பாவுக்கு ஒரு பொட்டு வைத்தான். விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை அப்படியே மச்சான் நெற்றியில் இழுத்துவிட்டான்.